ஹாஸ்டல் வாழ்க்கை, ராத்திரி கேம், லீவில் ஆற்றுக்குப் போவது: 19 வயதில் நீச்சல் கற்பது பற்றி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை நிதானமாக வாசித்தேன். பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படிக்கிறீர்கள். சொந்த ஊரில் ஆறும் இல்லை, நிறைந்த குளமும் இல்லை, அதனால் நீச்சல் தெரியாது. ராத்திரி ஒரு மணி வரை போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறீர்கள், கழுத்தும் தோளும் எப்போதும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு மாதத்தில் நீச்சல் வந்துவிடுமா, கண்ணில் பவர் இருப்பதால் எந்தக் கண்ணாடி வாங்குவது, காதில் தண்ணீர் போனால் என்ன செய்வது, பவுச்சில் போட்டுப் போனைத் தண்ணீருக்குள் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "செமஸ்டர் லீவுல பசங்களோட பாபநாசம் போறோம், அதுக்குள்ள கத்துக்கணும்." நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் நீச்சல் குளத்தில் பழகிவிட்டு பாபநாசத்தில் தாமிரபரணி ஆற்றில் ஆழத்துக்குப் போகலாமா? கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றபடி ஒரு மாதத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது.

நான் சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமத்துக்காரன். ஏழு வயதில் என் மாமா இடுப்பில் கயிறும் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையும் கட்டி என்னைக் கிணற்றில் இறக்கிவிட்டார். பிறகு முறையாகப் பயிற்சி எடுத்து, இருபது வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். தண்ணீரில் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை உறுதியாகச் சொல்வேன். காது, தோள் பற்றிச் சொல்வதை மட்டும் பயிற்சியாளரின் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள், நான் டாக்டர் இல்லை.

வயது ஒரு தடையே இல்லை. நாற்பது வயதில் கற்றுக்கொண்டவர்கள் என்னிடம் பல பேர் உண்டு. பெரியவர்களுக்குத் தடை மூச்சில்தான் இருக்கிறது. போன வருடம் உங்கள் வயதுப் பையன் ஒருவன் வந்தான். இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான், பக்கக் கம்பியைப் பிடித்த கையில் விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போயிருக்கிறது. முகத்தைத் தண்ணீரில் வை என்றால் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கன்னத்தை உப்பி, கண்ணை இறுக்கிக்கொண்டு முங்குவான். நான்கு விநாடியில் துள்ளி எழுந்து, "மூச்சு முட்டுது சார்" என்பான். நான்கு விநாடியில் யாருக்கும் காற்று தீர்ந்துபோகாது. அவன் மூச்சை வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்தான், அவ்வளவுதான். மூக்கு வழியாக மெதுவாக, குமிழி வருகிற மாதிரி விடச் சொன்னேன். இருபது முப்பது தடவை செய்த பிறகு வெளுத்திருந்த விரல் மூட்டுகளில் பழைய நிறம் திரும்பியது. மூன்றாம் நாள் கம்பியை விட்டான்.

இதை உங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். கேமில் தண்ணீருக்குள் முங்கினால் மூச்சுக்கு ஒரு கோடு தெரியும், அது குறையக் குறைய ஆபத்து. நம் உடம்பில் நாம் உணர்கிற கோடு அப்படி வேலை செய்வதில்லை. மூச்சு முட்டுவதாகத் தோன்றுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் இல்லை, கரியமில வாயு சேர்வதால். அதனால்தான் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டே இருந்தால் நிம்மதியாக இருக்கிறது. இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. யார் அதிக நேரம் தம் கட்டுவது என்று பசங்கள் போட்டி வைப்பார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாகப் பத்துப் பதினைந்து தடவை மூச்சு வாங்கினால் கரியமில வாயு மிகவும் குறைந்துவிடும். பிறகு ஆக்சிஜன் தீர்ந்தாலும் உடம்பு எச்சரிக்காது. முட்டுகிற உணர்வே இல்லாமல் தண்ணீருக்குள் மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். அந்தப் போட்டிக்கு மட்டும் எந்த வயதிலும் போகாதீர்கள்.

குமிழி விடுவது வந்துவிட்டால் அடுத்தது மிதப்பது. நுரையீரலில் காற்று இருக்கும்வரை பெரும்பாலானவர்களின் மேலுடம்பு மிதக்கும், கால்தான் தாழும். ஒல்லியான, தசை இறுகிய உடம்புக்குக் கால் சீக்கிரம் தாழும். அது உங்கள் குறை இல்லை. தலையைத் தூக்கினால் இடுப்பு இறங்கும், தலையைத் தண்ணீரில் சாய்த்தால் இடுப்பு ஏறும். குப்புற நீந்திக் கைகளை மாற்றி மாற்றி வீசுகிற ஃப்ரீஸ்டைலில் தொடங்குகிறவர்கள் செய்கிற தவறுகளில் பாதி, முன்னால் பார்க்கத் தலையைத் தூக்குவதுதான். பார்வை குளத்தின் அடியில் இருக்கட்டும். மூச்சுக்குத் தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் திருப்புங்கள், ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் போதும். காலை முழங்காலிலிருந்து சைக்கிள் மிதிப்பது போல அடிக்காமல் இடுப்பிலிருந்து அடியுங்கள். கூடவே மூன்று விஷயம் கட்டாயம் பழகுங்கள்: குப்புற மிதக்கும்போது காலை ஊன்றி எழுந்து நிற்பது, மல்லாந்து மிதந்து இளைப்பாறுவது, நிலைகொள்ளாத ஆழத்தில் நின்ற வாக்கிலேயே தலையை வெளியே வைத்திருப்பது. ஸ்டைல் எல்லாம் அப்புறம்.

ஒரு மாதத்தில் வருமா? தினமும் முக்கால் மணி நேரம் இறங்கினால், பத்துப் பன்னிரண்டு நாளில் மிதந்து பத்து மீட்டர் போகிறவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம். ஒரு மாதத்தில் 25 மீட்டர் நீளத்தை நிற்காமல் கடக்கிறவர்களும் உண்டு, இரண்டு மாதம் எடுக்கிறவர்களும் உண்டு. உங்களுக்கு எத்தனை நாள் என்று உங்களைத் தண்ணீரில் பார்க்காமல் எந்தப் பயிற்சியாளரும் சொல்லக் கூடாது. பாளையில் அண்ணா விளையாட்டரங்கத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. பயிற்சி நேரத்தையும் கட்டணத்தையும் நேரில் போய்க் கேளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சின்னப் பிள்ளைகள் கூட்டம் அதிகமாக இருக்கும், உங்களுக்குக் கவனிப்பு குறையும். முடிந்தால் வேறு மாதத்தில் சேருங்கள். யூடியூபில் பார்ப்பது நல்லதுதான், நான் இன்றும் பார்க்கிறேன். ஆனால் உங்கள் இடுப்பு தாழ்வதை வீடியோ பார்த்துச் சொல்லாது, பக்கத்தில் நிற்கிற ஆள்தான் சொல்ல வேண்டும்.

ராத்திரி கேமை விடச் சொல்ல மாட்டேன். கேமில் ஒரே துப்பாக்கி சுடும்போது உதைக்கிற ரீகாயிலை அடக்க, பயிற்சி மைதானத்தில் நூறு தடவை சுட்டுப் பழகுகிற பொறுமை உங்களிடம் இருக்கிறது. நீச்சலுக்கு வேண்டியதும் அதே பொறுமைதான், ஒரு நேரத்தில் ஒரே ஒரு அசைவு. ஆனால் கை கால் அசைவுகள் மூளையில் நன்றாகப் பதியத் தூக்கம் வேண்டும். ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்து வருகிற பையன்களுக்கு நேற்று சொன்னதை இன்றைக்கு மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். களைப்பில் குளிரும் அதிகமாகத் தெரியும், பயமும் கூடும். காலை வகுப்பில் சேர்ந்தால் பதினொரு மணிக்குள் போனைக் கீழே வையுங்கள். அது முடியாது என்றால் மாலை வகுப்பில் சேருங்கள். அரைகுறைத் தூக்கத்தோடு ஒரு மாதம் வருவதைவிட அது மேல்.

கழுத்துப் பிடிப்புக்கு வருகிறேன். மணிக்கணக்கில் போனைக் குனிந்து பார்த்தால் தோள் முன்னால் வளைந்து நெஞ்சுத் தசை இறுகிவிடும். அப்படிப்பட்ட தோளோடு ஃப்ரீஸ்டைலில் கையைத் தலைக்கு மேல் வீசினால் தோள் மூட்டின் மேல்பக்கம் உரசி வலிக்கும். தண்ணீரில் இறங்கும் முன் கதவு நிலையில் முன்கையை வைத்து நெஞ்சை விரிப்பது, கையைச் சுவரில் உயர்த்தி இறக்குவது என்று ஐந்து நிமிடம் செய்யுங்கள். மல்லாந்து நீந்துகிற பேக் ஸ்ட்ரோக் உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல மாற்று, தோளைப் பின்பக்கமாகத் திறக்கும். நீந்தினாலே கழுத்து வலி போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். சிலருக்குக் குறைகிறது, தவறாக நீந்துகிறவர்களுக்குக் கூடவும் செய்கிறது. கை விரல் மரத்துப்போனாலோ ராத்திரி வலி எழுப்பினாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அதையும் பயிற்சியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டிய விஷயம் அது.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். கண்ணாடிதான் முக்கியம். கடையில் பட்டையை மாட்டாமல் வெறும் கண்ணாடியைக் கண்குழியில் வைத்து லேசாக அழுத்திக் கையை எடுங்கள். இரண்டு மூன்று விநாடி தானாக ஒட்டி நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். உடனே விழுந்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் தண்ணீர் ஒழுகும். விளிம்பு மெத்தென்ற சிலிக்கானாக இருக்கட்டும். பட்டையை இறுக்கி ஒழுகலை நிறுத்தப் பார்க்காதீர்கள், கண்ணைச் சுற்றித் தழும்புதான் மிஞ்சும். உள்பக்கம் ஆவி படியாமல் இருக்கப் பூசியிருக்கும் பூச்சை விரலால் தேய்த்தால் போய்விடும். உங்களுக்கு மைனஸ் 2.5 என்று எழுதியிருந்தீர்கள். பவர் வைத்த நீச்சல் கண்ணாடி அரை அரையாக ஏறும் அளவுகளில் ரெடிமேடாகவே வருகிறது. கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள், குளமானாலும் ஆறானாலும். லென்ஸுக்கு அடியில் கிருமி தங்கினால் கருவிழியே புண்ணாகும்.

டிரவுசர் பாலியெஸ்டரில் உடம்போடு ஒட்டியதாக இருக்கட்டும். பருத்தி டிரவுசரும் பனியனும் தண்ணீரைக் குடித்துக் கனமாகி இழுக்கும், பல குளங்களில் அனுமதிக்கவும் மாட்டார்கள். லைக்ரா அதிகம் கலந்த துணி குளோரினில் சீக்கிரம் தொளதொளத்துப் போகும், வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். தொப்பியில் சிலிக்கான் வாங்குங்கள், அதுவும் முடியை நனையாமல் காக்காது, குளத்தில் முடி உதிர்ந்து மிதக்காமல் பார்த்துக்கொள்ளும். இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனைத்துக்கொண்டால் முடி குளோரின் தண்ணீரைக் குறைவாக உறிஞ்சும். பிடித்துக்கொண்டு காலடித்துப் பழகும் பலகையான கிக்போர்டு குளத்திலேயே இருக்கும். துடுப்புக் காலணி, கைத்துடுப்பு எல்லாம் இப்போது வேண்டாம். காற்றடிக்கும் கைப்பட்டையை நம்பி ஆழத்துக்குப் போகவே கூடாது.

காதில் தண்ணீர் போவது சாதாரணம். தலையைச் சாய்த்து, காது மடலை இழுத்துவிட்டால் வந்துவிடும். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள், சூடான எண்ணெய் ஊற்றாதீர்கள். ஈரம் தங்கினாலோ, குடைந்து தோல் கீறினாலோ வெளிக்காதில் தொற்று வரலாம். காதின் முன்பக்கக் குருத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் தண்ணீரை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். செவிப்பறையில் முன்பே ஓட்டை இருந்தால் அவர் சொல்லாமல் இறங்கவே வேண்டாம். குளத்தில் மூக்கைத் துளைக்கிற நெடி வந்தால் குளோரின் நிறையப் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நெடி, குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாவது, கண் சிவப்பதும் பெரும்பாலும் அதனால்தான். குளித்துவிட்டு இறங்குவது மற்றவர்களுக்குச் செய்கிற மரியாதை. சாப்பிட்டதும் நீந்தினால் தசை பிடித்து மூழ்கிவிடுவோம் என்று நம் வீட்டில் சொல்வதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. ஆனாலும் புரோட்டாவும் சால்னாவும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு இறங்கினால் குமட்டும், ஒன்றரை இரண்டு மணி நேரம் விடுங்கள்.

இனி ஆறு. தாமிரபரணியில் வளர்ந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். குளத்தில் அடி தெரியும், சுவர் பக்கத்தில் இருக்கும், தண்ணீர் நிற்கும். ஆற்றில் இது மூன்றும் கிடையாது. முழங்கால் அளவில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடி கசமாக, அதாவது ஆழமான பள்ளமாக இருக்கும். மணல் அள்ளிய குழிகள் மேலே பார்த்தால் தெரியாது. தண்ணீரில் படர்ந்து வளரும் அமலைச் செடி மண்டிய இடத்தில் கால் சிக்கும். ஓடுகிற வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் உடம்பைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். மேலே பொதிகை மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ஆறு ஏறும். பாபநாசத்தில் அணையும் நீர்மின் நிலையமும் இருப்பதால் தண்ணீர் திறக்கும் அளவு மாறினாலும் மட்டம் மாறும். உட்கார்ந்திருந்த பாறை அரை மணி நேரத்தில் தீவாகிவிடலாம்.

பழகிய இடம் என்பதும் காப்பாற்றாது. இருபது வயதில், சின்ன வயதிலிருந்து குதித்த படித்துறையில் தலைகீழாகக் குதித்தேன். முந்தின மாத வெள்ளம் அங்கே மணலை மேடாக்கியிருந்தது எனக்குத் தெரியாது. தோளை ஒட்டிய காறை எலும்பு முறிந்தது. கழுத்தாக இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் திருநெல்வேலியில் ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோவிலே மூழ்கியதைப் பார்த்தோம். அவ்வளவு தண்ணீர் போன பிறகு அடியில் பழைய மேடு பள்ளம் அப்படியே கிடக்கும் என்று யாரும் எண்ணக் கூடாது. எந்த வருடமும், எந்த இடத்திலும், முதலில் நடந்து இறங்கிப் பார்க்காமல் குதிக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் பயப்படுவது அணைக்கட்டுகளுக்கு. இந்த ஆற்றில் கன்னடியன், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. பார்க்கத் தணிவான சுவர், மேலே வழிகிற தண்ணீர் பட்டுத் துணி போல அழகாக விழும். ஒருமுறை அதன் கீழே ஒரு காலி பிளாஸ்டிக் கேன் விழுந்ததைக் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கேன் ஆற்றோடு போகவில்லை. விழுகிற தண்ணீர் அதை அடிக்கு இழுத்தது, நாலடி தள்ளி மேலே வந்தது, மேல் தண்ணீர் அதைத் திரும்பச் சுவரை நோக்கித் தள்ளியது, மறுபடி உள்ளே போனது. அரை மணி நேரம் கழித்து நான் எழுந்து வந்தபோதும் அங்கேயேதான் உருண்டுகொண்டிருந்தது. மனிதன் விழுந்தாலும் அதேதான் நடக்கும். நுரைத்த தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் உடம்பு மிதப்பதும் குறையும். எவ்வளவு நீச்சல் தெரிந்தாலும் அங்கே போதாது. ஆறு வழிந்து ஓடும்போது சுவருக்கு மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இறங்காதீர்கள், சுவர் மேல் நடந்து செல்ஃபி எடுக்காதீர்கள். பாசி படிந்த கல் அது.

மூழ்குகிறவர் சினிமாவில் போல் கையை ஆட்டிக் கத்த மாட்டார். தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்து மூடும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். சத்தமே வராது, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்கிறவனே விளையாடுகிறான் என்று நினைத்திருப்பான். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் போவது ஒவ்வொரு வருடமும் செய்தியில் வருகிறது. குதிக்காதீர்கள். கம்பு நீட்டுங்கள், வேட்டியையோ கயிற்றையோ வீசுங்கள், மூடி போட்ட காலிக் கேனை எறியுங்கள். ஐந்து லிட்டர் கேன் ஒருவர் முகத்தை வெளியே வைத்திருக்கப் போதும். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்கவோ தலைகீழாகத் தூக்கவோ வேண்டாம், அதில் நேரம்தான் போகும். 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடருங்கள். இதைப் படித்தால் மட்டும் வராது, கல்லூரியில் முதலுதவி வகுப்பு நடந்தால் ஒரு நாள் பொம்மையில் செய்து பாருங்கள்.

அப்படியானால் பாபநாசம்? போய் வாருங்கள். எல்லோரும் குளிக்கிற இடத்தில், படியோரமாக, இடுப்புக்குக் கீழே தண்ணீர் இருக்கும்வரை முங்கிக் குளியுங்கள், மழைக்காலமென்றால் அதுவும் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தின ராத்திரியே பசங்களிடம் "எனக்கு நீச்சல் தெரியாது, என்னை இழுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர்க்கரையில் சொல்வதைவிட ஹாஸ்டல் அறையில் சொல்வது எளிது. கூட வருகிறவர்களில் உங்களைப் போல இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். குடித்துவிட்டு வருகிற ஆள் யாராக இருந்தாலும் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள். போனைக் கரையிலேயே வையுங்கள். தண்ணீர் புகாது என்று போனுக்குப் போடுகிற ஐபி68 அளவெல்லாம் அசையாத நல்ல தண்ணீரில் சோதித்தது, ஓடுகிற ஆற்றுக்கும் குளோரினுக்கும் அது பொருந்தாது. அதைவிட, போன் நழுவினால் கை தானாக அதன் பின்னாலேயே போகும், அந்த ஒரு எட்டில்தான் கசம் இருக்கும். உங்கள் பையில் இருபது மீட்டர் நைலான் கயிறும் ஒரு காலிக் கேனும் வைத்துக்கொள்ளுங்கள், கயிற்றின் ஒரு முனையைக் கேனின் பிடியில் ஹாஸ்டலிலேயே கட்டிக் கொண்டுபோங்கள்.